மயில் ஆறாவது கட்டத்தில்

முதல் படத்தில் முயல் இருந்தது,
கரட் தின்னப் போகிற முயல்.
எந்த நாட்டுப் பாடத்திலோ பார்த்து வரைந்தது.
"தருமபுரத்தில கரட் எங்க முளைக்குது, ரீச்சர்?"
ஓட்டோ ஓடுகிற கீர்த்திகன்தான் கேட்டான்.
முயலை அழித்து மயிலாக்கினேன்,
கரட்டைக் கச்சானாக்கினேன்.

கட்டம் போட்ட கொப்பித் தாள்.
ஒரு பக்கத்துக்கு ஒரு படம்,
படத்துக்குக் கீழே நாலு வரி நிரல்.
அதற்கு மேல் எழுதினால் கொட்டாவி விடுவார்கள்.
எனக்கும் மயிலின் தோகை வரைய இடம் போதாது.

சனிக்கிழமை பின்னேரம்,
சங்கக்கடைக்குப் பின்னால் உள்ள மண்டபம்.
ஆறு பேர், மூன்று மடிகணினி.
ஒன்றில் முக்காற்புள்ளி விசை கழன்றுவிட்டது,
அந்தக் குழிக்குள் ஈர்க்கால் குத்த வேண்டும்.
முதல் நாளே சொல்லிவைத்தேன்:
பயப்படாமல் பிழை விடுங்கோ,
ஒன்றும் வெடிக்காது.
பின்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

மாறிக்கு மாஜரின் டப்பா வரைந்தேன்.
வெளியே எழுதியிருப்பது மாஜரின்,
உள்ளே இன்றைக்கு நூலும் ஊசியும்,
நாளைக்கு மின்கட்டணத் துண்டு.
உடனே விளங்கிவிட்டது எல்லாருக்கும்.
அந்த டப்பா இல்லாத வீடு எது?

ஐந்தாம் கிழமைப் படம் இது:
மயில், தூரத்தில் ஒரு நாய், கச்சான்.

சத்தம் கேட்டால்:
        நில்
இல்லாவிட்டால்:
        ஓர் அடி முன்னால்

"கடைசி வரி பிழை."
சிரித்தவள்தான். யோகமதி.
நாலு கிழமையாக வாய் திறக்காதவள்.
இயக்கிக் காட்டினேன்,
மயில் ஒழுங்காக நடந்து போய்க் கச்சானைக் கொத்தியது.
"மயிலுக்குச் சரி, ரீச்சர்.
சத்தம் இல்லை எண்டா ஒண்டும் இல்லை எண்டு ஆர் சொன்னது?
இன்னொருக்கா வீசிப் பாக்கோணும்.
பிறகும் கால் வைக்கிறேல்லை,
தடியைத்தான் முன்னுக்கு நகர்த்துறது.
ஆள் அதுக்குப் பிறகு."

எழுந்து வந்து என் பேனையை வாங்கினாள்.
ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை கீறினாள்,
பாதைக்குள் கட்டங்கள்,
ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும்
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
கை போய்வரும் கோடுகள்.
வளையத்துக்குள் வளையம்.
அது ஏழாம் கிழமைப் பாடம்,
அதற்கு நான் இன்னும் படம் யோசிக்கவே இல்லை.

"எத்தினை வருசம் செய்தனீங்க அக்கா?"
"பதினொண்டு. போன மாசிதான் கணக்கு முடிச்சு விட்டவை."
"சத்தம் கேட்டா?"
"மீன்ரின் மூடி. ஆணி. வெறும் கோது.
ஒரு நாளைக்கு நூறு தரம் கத்தும்,
நூறும் ஒண்டுமில்லை."
பேனையை மூடித் தந்தாள்.
"அனேகமா."

பிறகு அவளே தட்டெழுதினாள், இரண்டு விரலால்.
வரி ஏழில் பிழை என்றது கணினி.
நான் கையை நீட்டினேன், வேண்டாமென்று தடுத்தாள்.
கதிரையைத் தள்ளிவிட்டு
மேசை உயரத்துக்கு முழங்காலில் நின்று
திரையில் விரல் படாமல்
இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வந்தாள்.
வரி முடிவில் நின்றாள்.
ஈர்க்கை எடுத்துக் குழிக்குள் குத்தினாள்.

ஒற்றைக் கட்டக்குறி போட்டுத் தொடங்கினால்
அந்த வரியைக் கணினி வாசிக்காது,
பிறகு வருகிற ஆட்களுக்காக எழுதுவது என்று
மூன்றாம் கிழமை சொல்லியிருந்தேன்.
கீர்த்திகன் அதில் தன் ஓட்டோ நம்பரை எழுதினான்.
மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் எழுதினார்கள்.
அவள் எழுதியது:

# இதுவரை பார்த்தாச்சு. பின்னேரம் 4.40. யோகமதி

மயிலை விட்டோம்.
ஒரு கட்டம்.
நின்றது. மறுபடி பார்த்தது.
அரைக் கட்டம்.
கீர்த்திகன் கடையில் போய்ப் பிளேன்ரீ வாங்கி வந்தான்,
ஆளுக்கொரு மலிபன் பிஸ்கட்டும்.
குடித்து முடித்துக் கோப்பையும் கழுவி வந்து பார்க்கிறோம்,
மயில் ஆறாவது கட்டத்தில் நிற்கிறது,
கச்சான் இன்னும் நாலு கட்டம் தள்ளி.
ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.